பிரேக்குக்கு முன் பெயிண்ட்டா?

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கருத்துரை)



நாமக்கல் வட்டாரத்தில் இருந்துகொண்டு லாரியைப் பற்றிக் கட்டுரை எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பானது என்பதை நான் அறிவேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நாடெங்கும் போகின்றன. சங்ககிரியில் லாரிக் கணக்குப் பேசாத திண்ணை இல்லை. இக்கல்லூரியில் என் வகுப்பில் மட்டும் பதினோரு பேரின் தந்தையர் ஏதேனும் ஒரு வகையில் லாரியை நம்பி வாழ்பவர்கள். ஆயினும் நிலவையும் நட்பையும் தாய்மையையும் பாடிய நம் ஆண்டு மலரில் லாரி இடம்பெற்று நான் பார்த்ததில்லை. தமிழ்த்துறை ஐயா 'சுமையுந்து' என்று எழுதச் சொல்வார். அழகான சொல்தான். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே லாரி என்றே எழுத அவர் பொறுத்தருள வேண்டும்.

2025-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் என் தந்தையார் ஒரு பழைய லாரியை வாங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டியவர் அவர். வாங்கியது பத்துச் சக்கர வண்டி, ஒன்பது வயது. அந்த ஒன்பது ஆண்டும் தீவன ஆலைக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் இடையிலேயே ஓடியது. நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போனதில்லை. அதற்குக் கிடைத்த முதல் நெடும்பயணம், சேலத்திலிருந்து நாகபுரிக்கு ஜவ்வரிசி லோடு. ஒரு வழிக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். திரும்புகையில் அங்கிருந்து கோழித் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு. வண்டியை அதற்கு ஆயத்தம் செய்யப் பதினெட்டு நாட்கள் பட்டறையில் நின்றது. பதினெட்டு நாளும் நானும் நின்றேன்.

அங்கே நான் கண்டதைக் கொண்டு ஒரு கருத்தைத் துணிந்து சொல்கிறேன். பழைய லாரியை நெடும்பயணத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நம்மவர்கள் பணத்தைத் தலைகீழ் வரிசையில் செலவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முதல் பங்கு, வண்டியை ஓடவைப்பதற்கு இரண்டாம் பங்கு, வண்டியை நிறுத்துவதற்கு மிச்சம். ஓட்டுகிற மனிதனின் உறக்கத்துக்கு ஒன்றுமில்லை. என் தந்தையாரும் இதற்கு விலக்கல்லர். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

"ஒன்பது வருடம் ஓடிய வண்டி, நாகபுரிக்கு ஓடாதா?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் பட்டறையிலேயே இப்படிக் கேட்டவர்கள் உண்டு. உள்ளூரில் ஓடும் வண்டி தன் நோயை மறைத்துக்கொள்ள வல்லது. ரேடியேட்டரில் ஒழுக்கு இருந்தால் மாலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடலாம். பேட்டரி தளர்ந்திருந்தால் தீவன ஆலையில் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். பகலில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பின்விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? அதே வண்டி மே மாத வெயிலில் கர்நூலுக்கு அப்பால் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடும்போது, மறைத்து வைத்திருந்த நோயெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். அங்கே குடமும் இல்லை, தள்ளிவிட ஆளும் இல்லை.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் எங்கள் பட்டறையில் அதுதான் கடைசியாகத் தொடங்கப்பட்டது.

மூன்று அச்சுக்கும் சேர்த்து ஆறு பிரேக் டிரம். கடைசி வாரத்தில்தான் சக்கரங்களைக் கழற்றினார்கள். முன்பக்கம் இரண்டும் பழுதில்லை. நடு அச்சில் இடப்பக்க டிரம்மின் உட்புறத்தில் மயிரிழை போன்ற விரிசல்கள், சூடேறி ஆறி ஆறி ஏற்பட்டவை. பின் அச்சில் லைனர் தேய்ந்து ரிவெட்டின் தலை தெரிந்தது. இதே வண்டி முந்தின வாரம் வரை தீவனம் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை! நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், சமதரையில், ஆறில் இரண்டு பிரேக் வேலை செய்யாவிட்டாலும் வண்டி எப்படியோ நின்றுவிடும். நெடுஞ்சாலையில் அப்படி நிற்காது.

காற்றுச் சோதனையை மெக்கானிக் மாமாதான் எனக்குக் காட்டினார். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, ஒருவர் பிரேக் மிதியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மற்றவர் வண்டிக்கடியில் படுத்துக் காதைக் கொடுக்க வேண்டும். எங்கே 'உஸ்' என்கிறதோ அங்கே ஓட்டை. எங்கள் வண்டியில் மூன்று இடங்களில் 'உஸ்' என்றது. பிறகு காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள வளையத்தை இழுத்தார். தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். எண்ணெய் கலந்த கருப்பு நீர் வந்தது. கம்ப்ரசர் எண்ணெயைக் கக்குகிறது என்பதற்கு அது அடையாளமாம். "தெனம் காலையில இதை இழுத்து விடணும் தம்பி. இழுக்கறதுக்குக் காசு வேண்டாம், குனியறதுக்கு மனசு வேணும்" என்றார். பத்தாண்டு பழைய வண்டிகளில் இந்த வளையம் துருப்பிடித்து அசையாமல் இருப்பதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாராம்.

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்ட அனுமதி வேண்டுகிறேன். மொத்த எடை 25 டன் உள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 35 இலட்சம் ஜூல். நின்றுவிட வேண்டுமானால் இத்தனையும் டிரம்மிலும் லைனரிலும் வெப்பமாக மாற வேண்டும். இது பெரிதாகத் தோன்றுகிறதல்லவா? இப்போது அதே லாரி 200 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கணவாய் வழியே இறங்குகிறது என்று கொள்வோம். நிலை ஆற்றல் 4.9 கோடி ஜூல், அதாவது முன்னதைப்போல் பதினான்கு மடங்கு! 165 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. காற்றின் தடை, டயரின் உராய்வு ஆகியவற்றுக்கு ஒரு பகுதியைக் கழித்துவிட்டாலும், எஞ்சியதை யார் விழுங்குவது? கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் முழுவதும் அந்த ஆறு டிரம்முக்கே. டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகும். லைனரும் சூட்டில் தன் பிடியை இழக்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேளாது.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. அதன் பெயரை விபத்துச் செய்தியில் படிக்காதவர் நம்மில் இல்லை. எங்கள் தெருவில் அங்கே தகப்பனை இழந்த வீடு ஒன்று உண்டு. "பிரேக் பிடிக்கவில்லை" என்று ஊர் சொல்லிற்று. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று ஊர் கேட்கவில்லை. டீசல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் இறங்குவது அந்தச் சாலையில் நீண்டநாள் பழக்கம். மிச்சமும் ஆவதில்லை என்பதுதான் கொடுமை. கியரில் இருக்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. டீசல் வருவது நின்றுவிடுகிறது. பழைய பம்ப் வைத்த எஞ்சினில் கவர்னர் நிறுத்துகிறது. புதியதில் மின்னணு நிறுத்துகிறது. நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள டீசல் குடித்துக்கொண்டே இருக்கிறது. சரி, எஞ்சினையே நிறுத்திவிடலாம் என்று சிலர் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் கம்ப்ரசரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் நிற்கும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் கண்ணு. வாடகையில டீசல் காசு கட்டலைன்னா தெரிஞ்சதும் மறந்துபோகும்" என்றார். இதற்கு என்னிடம் விடை இல்லை.

டயர் விஷயத்தில் அப்பா என்னைவிடக் கெட்டி. முன்பக்கம் இரண்டும் புதிது, பின்பக்கம் எட்டில் பாதி ரீபட்டன் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது என்பதால் அங்கே ரீபட்டன் போடுவதில்லை என்பது அவர் கொள்கை. இரட்டைச் சக்கரத்தில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று பூட்டினால் உயரமான டயரே சுமையைத் தாங்கும், அதுவே முதலில் வெடிக்கும் என்று சொல்லி, ஜோடி ஜோடியாக அளந்து பூட்டச் சொன்னார். ஆனால் ஸ்டெப்னியில் அவரே ஏமாந்தார். ஒன்பது ஆண்டில் தரையைத் தொடாத டயர். பட்டன் முழுசாக, கன்னங்கரேலென்று இருந்தது. "இது புதுசு" என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்கள் ஸ்டெப்னியில் 3116 என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரம்! அழுத்திப் பார்த்தால் பக்கச் சுவரில் நரம்பு நரம்பாக வெடிப்பு. ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. நண்பர்களே, உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கும் இந்த எண் உண்டு. இன்று மாலையே பாருங்கள்.

நிற்க. நான் தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? எஞ்சின் சூடேறாமல் இருக்கத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். எங்கள் வண்டியிலும் அது இல்லை; முன்பு யாரோ கழற்றியிருந்தார்கள். நான் பாடநூல் அறிவோடு குதித்தேன். எஞ்சின் தன் சரியான வெப்பநிலைக்கு வராவிட்டால் டீசல் கூடுதலாகும், தேய்மானம் கூடும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மெக்கானிக் மாமா பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரி தம்பி. ஆனா அது மூடினபடியே சிக்கிக்கிச்சுன்னா அனந்தப்பூர்ல எஞ்சின் போயிரும். டீசல் ஒரு லிட்டர் பெரிசா, எஞ்சின் பெரிசா?" என்றார். பாடநூலில் தெர்மோஸ்டாட் சிக்குவதில்லை, பட்டறையில் சிக்குகிறது. முடிவில் ஒரு புதியதை வாங்கி, பூட்டுவதற்கு முன் வீட்டுச் சமையலறையில் சோதித்தோம். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தது. அம்மாவின் பாத்திரத்தில் தண்ணீர் காய்ந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டோம். ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த வெப்பமானி எண்பதைத் தாண்டியதும் அது மெல்ல வாய் திறந்தது. (ஆய்வக உதவியாளர் ஐயா கவனிக்க: வெப்பமானியை உடையாமல் திருப்பித் தந்துவிட்டேன்.) அந்தப் பாத்திரத்தை அம்மா அதன் பிறகு சமையலுக்கு எடுப்பதில்லை.

தார்ப்பாய் விஷயத்திலும் நான் சிரித்தேன். பழைய தார்ப்பாய்க்குப் பொத்தல் ஒட்டினால் போதும், அந்தப் பணத்தில் இன்னும் ஒரு டிரம் மாற்றலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. புதுத் தார்ப்பாயும் இரண்டு கட்டுக் கயிறும் வாங்கினார். அதன் கதை பின்னால் வரும்.

பட்டைகளை அவிழ்த்து இரண்டு முறிந்த இலைகளை மாற்றியது, யூ போல்ட்டை லோடு ஏற்றிய பின் மறுபடி முறுக்கியது, ஃபேன் பெல்ட்டும் ஹோஸும் உபரியாக எடுத்துவைத்தது, ஜாயிண்டுகளுக்குக் கிரீஸ் அடித்தது ஆகியவற்றை விரித்து எழுதினால் மலரின் பக்கம் போதாது. காகிதங்களையும் அப்படியே விட்டுவிடுகிறேன். இன்சூரன்ஸ், பர்மிட், வரி, புகைச் சான்று எல்லாவற்றையும் அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்.

எப்.சி. பற்றி மட்டும் ஒரு சொல். எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். நல்ல விதி. ஆனால் அதை நாம் எப்படி எதிர்கொள்கிறோம்? நாம் பருவத் தேர்வை எதிர்கொள்வது போலத்தான். முதல் நாள் இரவு விழித்துப் படித்து, எழுதிவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவது நமது வழக்கம். எப்.சி.க்கு முன் நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டி, சான்று வாங்கிய மறுநாள் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சோதிப்பவரை ஏமாற்றலாம், கணவாய்க்கு இரவல் டயரைக் காட்ட முடியாது. நம் வண்டியும் எப்.சி. முடித்த வண்டிதான். அந்தச் சான்று எழுதிய மை உலர்ந்து ஏழு மாதத்தில்தான் ரிவெட்டின் தலை தெரிந்தது.

இனிப் பெயிண்ட்டுக்கு வருகிறேன். பட்டறைக்கு வந்த மூன்றாம் நாளே பெயிண்டர் வந்துவிட்டார். முன்முகத்துக்கு மஞ்சளும் பச்சையும், கதவில் இரண்டு மயில், கண்ணாடிக்கு மேல் என் பெயரும் தங்கையின் பெயரும், பின்கதவில் தாமரை. இதற்கு அப்பா ஒதுக்கியிருந்த தொகை, ஆறு டிரம்முக்கும் லைனர் போட்டு நடு அச்சு டிரம்மையும் மாற்ற ஆகும் தொகையை விட அதிகம். நான் எதிர்த்தேன். பட்டறையில் நின்று தகப்பனை எதிர்த்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் நல்ல பிள்ளைக்கு அழகன்று. ஆயினும் பேசினேன். "மயில் பிரேக் பிடிக்குமாங்கப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

மாலையில் மெக்கானிக் மாமா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "உங்கப்பன் இருபத்திரண்டு வருசம் அடுத்தவன் பேரு எழுதின வண்டியை ஓட்டினவன் தம்பி." நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது பெயிண்ட். அவருக்கு அது உடைமை. ஆகையால் வண்டிக்கு வண்ணம் பூசுவது வீண் என்று நான் இன்று சொல்லமாட்டேன். வரிசையில் அது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. எங்கள் வீட்டில் வழக்கு ராஜியானது. மயிலும் தாமரையும் ஒத்திவைக்கப்பட்டன. பெயர்கள் மட்டும் எழுதப்பட்டன. பின்புறம் முழுவதும் சிவப்பு வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்டினோம். இரவில் ஓரமாக நிற்கும் லாரியின்மேல் பின்னால் வரும் வண்டி மோதாமல் இருக்க அதைவிடச் சிறந்த அலங்காரம் வேறில்லை.

வழக்கில் நான் முழுதாகத் தோற்றது இரண்டாவது டிரைவர் விஷயத்தில். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணியாவது ஓய்வு என்றும் வகுத்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளை எழுதியவர்கள், தேசிய பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்றும், ஓட்டாதவர் கால் நீட்டிப் படுக்க ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வண்டியின் அகலத்துக்கு ஒரு பலகை இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கால் நீட்டிப் படுப்பது என்பது வரை யோசித்த அந்த அதிகாரி யாராயினும் அவரை நான் வணங்குகிறேன். 2025 அக்டோபர் முதல் தேதி தொடங்கித் தயாராகும் பெரிய சரக்கு வண்டிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். மிக நன்று. ஆனால் அது புது வண்டிக்கு. எங்கள் வண்டி போன்ற பழைய வண்டியில் எஞ்சினின் சூடு காலடியில், மே மாதத்தின் சூடு தலைக்கு மேல், நடுவில் ஒரு மனிதர்.

கோழிப்பண்ணை வண்டி ஓட்டும் என் தாய்மாமனிடம் கனரக உரிமம் இருக்கிறது. அவரை அழைத்துப் போகச் சொன்னேன். அப்பாவின் கணக்கு வேறு. தவணை, டீசல், சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் போக நிற்பதில் இன்னொருவருக்குச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. "ஏன் கண்ணு, இருபத்திரண்டு வருசம் ஓட்டினவனுக்கு நீ தூங்கச் சொல்லித் தர்றயா?" என்று கேட்டார். அம்மா குறுக்கிட்டார். இரவு பன்னிரண்டு மணிக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும், ஐந்து மணிக்கு முன் எடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். ஒரு கிளீனர் பையனோடு வண்டி கிளம்பிற்று. முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதற்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை, விலை குறைவு.

முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அனந்தப்பூரைத் தாண்டிய ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து போன் வந்தது. தொப்பூர் மேட்டில் எஞ்சின் சூடேறவில்லையாம். நூறு கிலோமீட்டரில் நிறுத்தி வீல் நட்டுகளை முறுக்கியபோது இரண்டு தளர்ந்திருந்ததாம். இரண்டாம் நாள் இரவு பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. போன் இல்லை. நாங்கள் அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அம்மா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார், ஏதோ ஆதிலாபாத்திலிருந்து வரும் வண்டி எங்கள் தெருவில் தெரியும் என்பது போல. இரண்டே முக்காலுக்கு அழைப்பு வந்தது. மழை, பெருமழை, நிறுத்த இடமில்லை, இப்போதுதான் ஒரு தாபாவில் நிறுத்தினேன், தார்ப்பாய்க்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை என்றார். ஜவ்வரிசியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள் என் தார்ப்பாய்ச் சிரிப்புக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அன்று இரவு நடந்ததில் அவர் போனில் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. திரும்பி வந்த பின் மாமாவிடம் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் உள்ளேயிருந்து கேட்டேன். இரண்டு மணியளவில் சாலையோரக் கோட்டின்மேல் டயர் ஏறிக் கரகரவென்று ஒலித்தபோதுதான் தாம் கண்மூடியிருந்ததே அவருக்குத் தெரிந்ததாம். கிளீனர் பையனும் தூங்கிக்கொண்டிருந்தானாம். "எத்தனை நேரம்னு தெரியல மாப்பிள்ளை" என்றார். டிரம் புதிது, லைனர் புதிது, முன் டயர் புதிது. மிதிக்க வேண்டிய கால் தூங்கிவிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆகவே இந்தப் பத்தியை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுது" என்றார்.

திரும்பும்போது சோயாப் புண்ணாக்கு லோடோடு தொப்பூரில் கீழ்க் கியரில் இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போயினவாம். வண்டி நாமக்கல் வந்து சேர்ந்த அன்று நான் முதலில் போய் நடு அச்சின் சக்கரத்தைத்தான் பார்த்தேன். சூடு இருந்தது, கருகிய வாடை இல்லை.

இரண்டாவது நடை ஜூலையில். மாமா பண்ணையில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவருக்குச் சம்பளம் வேண்டாமாம், பேட்டா போதுமாம். அப்பா அதற்கு ஒப்பவில்லை, கணக்கு இன்னும் பேசி முடியவில்லை. மயில் மறுபடியும் தள்ளிப்போயிற்று. சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒன்பது ஆண்டாகப் பழைய தீவனச் சாக்குகள் அடைந்து கிடந்தன. அவற்றையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, அம்மா அதன்மேல் ஒரு புதுப் பவானி ஜமக்காளத்தை விரித்துக் கொடுத்தார்.